கருவிக் கோளாறு

மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம். உனக்குக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. எழுத வைத்துவிட்டாய், சந்தோஷம்.

நேற்றுக் காலை ஐந்தே காலுக்கு வழக்கம்போல் டிப்போவுக்குப் போனேன். பஸ் சாவி வாங்கக் கையெழுத்துப் போடலாம் என்று நோட்டை இழுத்தால், கிளார்க் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மேனேஜரப் பாத்துட்டு வந்துடுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மேனேஜர் மேஜையில் உன் அறிக்கை இருந்தது. போன அக்டோபரில் எங்கள் டிப்போ டிரைவர்கள் முப்பது பேரை வைத்துப் பகல் தூக்கம், வெளிச்சம் என்று ஆராய்ச்சி செய்தாயே, அதுதான். நான்காம் பக்கத்தில் சிவப்புக் கோடு. "பதினேழாம் நபர்: வயது 41, பதினாறு வருட அனுபவம், விபத்து எதுவும் இல்லை. போதிய அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாத தூக்கம். நோய்க்கான அறிகுறி தெளிவாக உள்ளது."

பேர் போடவில்லை என்று சொல்வாய். எங்கள் டிப்போவில் நாற்பத்தொரு வயதும் பதினாறு வருஷமும் சேர்ந்த ஆள் ஒருத்தன்தான் இருக்கிறான். தரை கூட்டுகிறவருக்குக்கூட அது யார் என்று தெரியும்.

சின்ன வயதில் நீதான் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தாய். இப்போது அதையே சீல் குத்திக் கொடுத்திருக்கிறாய். ஏப்ரல் 20 அன்று மருத்துவக் குழு உட்காருகிறது. அதுவரை எனக்கு ஸ்டியரிங் கிடையாது. அறிக்கை எழுதினவரே அது தப்பு என்று எழுதிக் கொடுத்தால்தான் பிழைப்பேன். இல்லையென்றால் லைசென்ஸை நிரந்தரமாகப் பிடுங்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

உன் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நீ அழுதபோது முதல் ஆளாகக் கை தூக்கினவன் நான். ஞாபகம் இருக்கட்டும்.

பதினேழாம் நபர்

மார்ச் 11

தம்பிக்கு,

கீழே 'பதினேழாம் நபர்' என்று நீ போட்டிருந்த கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வயதையும் அனுபவத்தையும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அது என் தவறு. மேனேஜருக்குக் கண்டித்து எழுதியிருக்கிறேன்.

ஆனால் மற்றதை எப்படித் தவறு என்று எழுதுவேன்? பரிசோதனை நாளில் இருட்டறையில் நான்கு முறை படுக்க வைத்தோம். இரவில் நன்றாகத் தூங்கிய மனிதனுக்குப் பகலில் தூக்கம் பிடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நீ எடுத்துக்கொண்டது மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்றரை நிமிடம். நான்காவது தடவை நான் கதவைச் சாத்தித் திரும்புவதற்குள் உன் குறட்டை கேட்டது. அதற்கு முந்தைய பதினான்கு நாளும் தினம் ஏழரை மணி நேரம் தூங்கியதாக உன் தூக்கக் குறிப்பேட்டில் நீயே எழுதியிருக்கிறாய். ஏழரை மணி நேரம் தூங்கியவன் இரண்டு நிமிடத்தில் தூங்கினால் அதற்கு நோய் என்றுதான் பெயர். வைத்தியம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. நீ ஏன் இதை அவமானமாக நினைக்கிறாய்?

கோபித்துக்கொள்ளாதே, இன்னொன்றும் கேட்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்து வருகிறார்கள். அவர்களை நான் நினைக்க வேண்டாமா?

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேசினேன். நன்றாகப் பேசினாள்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

குறிப்பேட்டைப் பற்றிப் பேசுகிறாய். முப்பது டிரைவர்களில் எத்தனை பேர் அதைத் தினம் எழுதினார்கள் என்று நினைக்கிறாய்? சனிக்கிழமை கேன்டீனில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளினோம். நான் எழுதியதைப் பார்த்து இரண்டு பேர் காப்பியடித்தார்கள். நோட்டை எடுத்துப் பார். ஒரே பேனா, ஒரே சாய்வு.

ஐம்பது பேரைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டாம். பதினாறு வருஷமாக அவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது நான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டாயே, படுக்கும்போதும் கழற்றாதே என்றாயே, நானும் நாய்க்குட்டி மாதிரி பதினான்கு நாள் அதைக் கட்டிக்கொண்டு திரிந்தேனே. அது என்ன சொன்னது? நான் தூங்கியதாக எழுதிய நேரத்தில் அதில் இருட்டா இருந்தது? பார்த்தாயா இல்லையா?

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

பார்த்தேன். இப்போதுதான் பார்த்தேன்.

உன் மீட்டரின் பதிவில் இருபதாயிரத்துச் சொச்சம் வரிகள், நிமிடத்துக்கு ஒன்று. அக்டோபரில் அதைப் பிரித்தபோது இரவு வரிகளில் நடுநடுவே வெளிச்சம் தெரிந்தது. குறிப்பேட்டில் தூக்கம் என்று இருக்கிறது, மீட்டரில் வெளிச்சம் என்று இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். நான் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். அந்த வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஓரத்தில் "கருவிக் கோளாறு" என்று எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான். என் மாணவர்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

நீக்கியவற்றைத் திரும்ப எடுத்து வைத்து எண்ணினேன். பதினான்கு இரவில் நாற்பத்தாறு தடவை வெளிச்சம். ஒவ்வொன்றும் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம். எல்லாம் ஒரே அளவு, ஒரே பல்பு. ஒன்பதாம் நாள் ஒன்று பத்துக்குப் போட்ட விளக்கு நாலரை வரை அணையவே இல்லை. அன்றைக்கும் நீ ஐந்தே முக்கால் வண்டியை எடுத்திருக்கிறாய்.

கணக்குப் போட்டால் உனக்கு இரவில் நான்கு மணி நேரத் தூக்கம்கூடத் தேறவில்லை. இது நோயே இல்லை. யாராக இருந்தாலும் என் இருட்டறையில் அப்படித்தான் விழுந்திருப்பார்கள்.

விளக்கைப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறாய்? சீட்டாட்டமா, குடியா, வேறு வேலை ஏதாவது பார்க்கிறாயா? அம்மா அடுத்த அறையில் படுத்திருக்கும்போதா? சொல். சொன்னால்தான் உனக்கு ஏதாவது செய்ய முடியும்.

அக்கா

ஏப்ரல் 1

அக்கா,

சீட்டாட்டமா என்று கேட்டாய் பார், அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பல்பு அம்மா அறைப் பல்பு.

இரண்டு வருஷம் முன்னால் அடுப்பை அணைக்க மறந்து ஒரு பாத்திரத்தைக் கருக்கினாள். நான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும். "இப்பவே நல்ல இல்லமாப் பாத்து சேத்துடலாம், பின்னாடி கஷ்டம்" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டாள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்ன ஆனாலும் அவகிட்ட சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். இன்றைக்கு அதை மீறுகிறேன்.

ஒன்றரை வருஷமாக அம்மாவுக்குப் பொழுது பிடிபடவில்லை. சாயங்காலம் வெளிச்சம் இறங்கினதும் மனசும் இறங்கிவிடுகிறது. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்பாள். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்புவாள். அங்கே வேலையை விட்டு இருபது வருஷம் ஆகிறது. விளக்கைப் போட்டு, பாத்ரூம் கூட்டிப்போய், பேசிப் பேசிப் படுக்க வைப்பேன். பகலில் நான் வண்டியில் இருக்கும்போது எதிர் வீட்டு டெய்லரம்மா அவளைத் தன் மெஷின் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்.

ஒன்பதாம் நாள் கேட்டாயே. அன்றைக்கு ஹெட்செட் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்கினாள். கடைசியில் என் போன் இயர்போனைத் தலையில் மாட்டிவிட்டேன். நாலரை வரைக்கும் "லைன்ல இருங்க, கொடுக்கறேன்" என்று ஊரையே இணைத்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து நம்பர் கேட்டேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பேசுகிறாயே, அந்த அம்மா எப்படி நன்றாக இருக்கிறாள் தெரியுமா? எட்டு மணிக்கே குளிக்க வைத்து, கிழக்கு ஜன்னலோரம் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். பத்து மணிக்கு ஒரு அரை மணி நேரம் தெளிவாக இருப்பாள். குரல் மட்டும் போகவே இல்லை, இருபத்தாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் அல்லவா. என்ன கேட்க வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கையில் கொடுத்திருப்பேன். வேலை எப்படிப் போகுது, உடம்பு எப்படி இருக்கு, எப்ப வருவே. மூன்றே கேள்வி. ஒன்றரை வருஷமாக அதே மூன்றுதான். உனக்குச் சந்தேகமே வரவில்லை.

உன் இருட்டறையில் தூங்கினேனே நான்கு தூக்கம், அந்த வருஷத்தில் நான் நிம்மதியாகத் தூங்கியது அது மட்டும்தான். நீ கதவுக்கு வெளியே இருந்தாய், எதிர் வீட்டம்மா அம்மாவோடு இருந்தார். அதைத்தான் நோய் என்று எழுதினாய்.

இப்போது நான் கேட்பது சின்ன விஷயம். மீட்டர் பழுது, பதினேழாம் நபரின் சோதனை செல்லாது, திரும்ப எடுக்க வேண்டும் என்று மருத்துவக் குழுவுக்கு ஒரு வரி எழுது. அம்மாவைப் பற்றி வேண்டாம். குறிப்பேட்டைப் பற்றி வேண்டவே வேண்டாம். எதிர் வீட்டம்மாவின் தங்கை இரவில் வந்து படுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கிவிட்டு வந்து உன் சோதனையில் தேறிக் காட்டுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து அங்கே ஓடி வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து பையைப் பிரிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. நீ சமையலறையில் இருந்தாய், நான் அம்மா அறையில் இருந்தேன். நான் சமையலறைக்கு வந்தால் நீ அம்மா அறைக்குப் போனாய்.

சாயங்காலம் அம்மா என்னைப் பார்த்து, "புது சூப்பர்வைசரா? வாங்க மேடம், உக்காருங்க" என்று எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லச் சொல்ல உட்காரவே இல்லை. நான் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள். இதை நீ தினம் பார்க்கிறாய். நான் ஒரு தடவை பார்த்ததற்கே இப்படி எழுதுகிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஆராய்ச்சியின் இரண்டாம் கட்டத்துக்கு நான் அனுப்பிய, வெயில் மாதிரி பளிச்சென்று எரியும் வெளிச்சப் பெட்டி அவள் மேஜையில் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். நீ காலையில் அதன் முன்னால் உட்கார வேண்டும் என்றுதான் அனுப்பினேன். அதைப் போட்டதும் அவள் பதற்றம் குறைந்து கொஞ்சம் தெளிவானதை நானே கவனித்தேன். தினம் எத்தனை மணிக்குப் போடுகிறாய், எவ்வளவு நேரம், அதன் பிறகு எத்தனை தடவை எழுந்திருக்கிறாள் என்று எழுதி வைத்திருக்கிறாயா? இருந்தால் அனுப்பு, உபயோகப்படும்.

மருத்துவக் குழு விஷயம். நீ கேட்டபடி என்னால் எழுத முடியாது. மீட்டர் பழுதில்லை. உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். அதன் மேலேயே மறுபடி பழி போட என் கை வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: இவருக்கு நோய் இல்லை, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டதால் தூக்கம் கெட்டது, குறிப்பேட்டில் உள்ளது சரியல்ல, இனி தூங்க ஏற்பாடு இருக்கிறது. இந்த ஆராய்ச்சியை வைத்து நான் வெளியிட்ட கட்டுரையையும் திருத்தி அனுப்புகிறேன். அதனால் எனக்குத்தான் தலைகுனிவு. உனக்கு நல்லதுதான் நடக்கும்.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

போஸ்ட் செய்யாதே. இது உன் கையில் கிடைத்ததும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

சாவிக் கவுண்டர் நோட்டைப் பற்றி எழுதினேனே, அதில் என்ன கையெழுத்து என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தினம் காலை சாவி வாங்கும் முன் ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். "நேற்றிரவு ஏழு மணி நேரம் தூங்கினேன், வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறேன்." யாரும் படிக்க மாட்டார்கள். போட்டால் சாவி, போடாவிட்டால் கிடையாது. ஒன்றரை வருஷமாகப் போட்டிருக்கிறேன். நான் தூங்கவில்லை என்று நீ எழுதிக் கொடுத்தால் அத்தனை கையெழுத்தும் பொய் என்று ஆகும். நோய் என்றால் அனுதாபமாவது கிடைக்கும். பொய் என்றால் என்ன கிடைக்கும் என்று யோசி.

வெளிச்சப் பெட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பெற்ற தாய் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள், நீ எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று கேட்கிறாய். நான் எதையும் எழுதி வைக்கவில்லை.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று கிடைத்தது. நான் அனுப்பியது பத்தாம் தேதியே போய்விட்டது.

பயப்படாதே. குழுவில் இருப்பவர்களும் மருத்துவர்கள்தான், அவர்களுக்கும் அம்மா இருப்பாள். உண்மையைச் சொன்னதற்காக யாரும் தண்டிக்கமாட்டார்கள். நோட்டு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். தெரியவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இருபதாம் தேதி முடிந்ததும் ஒரு வரி எழுது.

அக்கா

மே 3

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், "அவன் வேலைக்குப் போயிருக்கான்" என்றாள் அம்மா. உடனே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம், இல்லையா?

இங்கே நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கட்டுரையைத் திருத்தி அனுப்பினால் கை கழுவிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நேற்று நிறுவனக் கூட்டத்தில் இயக்குநர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, தன் பிழையைத் தானே வெளியே சொல்லும் நேர்மை என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த மாதம் இதைப் பற்றியே இன்னொரு இடத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது, சொல்கிறேன்.

அக்கா

மே 9

அக்கா,

அம்மாவுக்கு நான் எப்போதும் வேலைக்குத்தான் போயிருக்கிறேன். அன்றைக்கு நீ பேசும்போது நான் அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இருபதாம் தேதி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் உன் கடிதத்தை முழுவதும் சத்தமாகப் படித்தார். நன்றாக எழுதியிருந்தாய், ஓர் எழுத்து குறை சொல்ல முடியாது. "உங்களுக்கு எந்த வியாதியும் இல்ல. சந்தோஷம்" என்றார். பிறகு சாவிக் கவுண்டர் நோட்டுகளை மேஜைமேல் எடுத்து வைத்தார், மூன்று நோட்டு. "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். நாலு மணி நேரத் தூக்கத்தோடு ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போனதும் நான்தானே என்றார். ஆமாம் என்றேன். அவர் கேட்டது நியாயம். நீ கேட்டதும் நியாயம்தான். அந்த நியாயம் எனக்குத் தெரியாமல் போகவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் என் தொடையைக் கிள்ளிக்கொண்டு ஓட்டியது நான்.

பொய் உறுதிமொழி கொடுத்ததற்காக வேலை போய்விட்டது. லைசென்ஸும் போய்விட்டது. நோய் என்றால் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறதாம். பொய்க்கு இல்லையாம். கிளம்பும்போது சாவிக் கவுண்டர் கிளார்க் அழுதார். அவரும் அந்த வரியை இதுவரை படித்ததில்லையாம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை அக்கா. அக்டோபரில் யாரும் கேட்காமலேயே "கருவிக் கோளாறு" என்று எழுதினாய். உன் வசதிக்கு எழுதினாய். அதே இரண்டு வார்த்தையைத்தான் நான் கேட்டேன். எனக்காக அதை இன்னொரு தடவை எழுத உன் கை வரவில்லை. நேர்மை அதற்குள் எங்கிருந்து வந்தது? உண்மையைச் சொன்னதற்கு உனக்குக் கைதட்டல், எனக்கு டிஸ்மிஸ் ஆர்டர். ஒரே உண்மைதான். நீ அடுத்த மாதம் போய்ப் பேசு. பதினேழாம் நபர் என்ன ஆனான் என்று யாராவது கேட்டால், இப்போது நன்றாகத் தூங்குகிறான் என்று சொல்.

அதுவும் பொய்யில்லை. பகலில் தூங்குகிறேன். அம்மா டெய்லரம்மா வீட்டில் இருக்கும்போது இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன். போவதற்கு இடம் இல்லை, எழுப்ப ஆள் இல்லை.

மீட்டரைத் தனிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். வெளிச்சப் பெட்டியை அனுப்ப மாட்டேன், அது அம்மாவுக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஜன்னலோரம் நாற்காலி போடுவதையும் நிறுத்திவிட்டேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடாதே. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு. அந்த நேரத்துக்கு மட்டும் பெட்டியை அணைத்து வைக்கிறேன். போனை அம்மாவே எடுப்பாள். யாருக்குக் கனெக்ஷன் வேண்டும் என்று கேட்பாள். உனக்கு யார் வேண்டும் என்று நீயே சொல்லிக்கொள்.

தம்பி